இணைச்சீருக்கு மாற்று ஆள்

மல்லசமுத்திரம்
12.06.2025

அம்மிணி தனப்பிரியாவுக்கு,

உன் அண்ணன் கதிர்வேல் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான், அதனால் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ தங்கியிருக்கும் ஹோட்டல் முகவரியை அம்மாவிடம் வாங்கினேன். ஊரில் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன், கோபமாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டையில் பெண் வீட்டில் உறுதி வார்த்தை பேசி முடித்தோம். உன்னால் வர முடியவில்லை, சரி. வீடியோவில் கூப்பிட்டேன், எடுத்தாய், அதுவும் சரி. போனைப் பிரீத்தி பக்கம் திருப்பி, "இதான் அம்மிணி உன்ற அண்ணி, நல்லாப் பாத்துக்க" என்றேன். நீ திரையைப் பார்த்து என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "நோ, நோ. இது சரியா வராது. நெக்ஸ்ட்." 

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பிரீத்தியின் அப்பா காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, பிரீத்திதான் சிரித்தாள். "நெக்ஸ்ட் யாருங்க? வரச் சொல்லுங்க, நானும் ஒருக்காப் பாக்கறேன்" என்றாள். அந்தச் சிரிப்பில்தான் என் கல்யாணம் பிழைத்தது.

பிறகு திட்டலாம் என்று கூப்பிட்டால், "ஆபீஸ் கால்ல இருக்கேங்ணா, பத்தே நிமிசம்" என்றாய். அந்தப் பத்து நிமிடம் இன்னும் முடியவில்லை. ஆகவே இனி உனக்குப் போன் கிடையாது. கடிதத்தை மியூட்டில் போட முடியாது பார்.

முகூர்த்தம் ஆவணி பத்தொன்பது, செப்டம்பர் நாலாம் தேதி, வியாழக்கிழமை காலை. மண்டபம் திருச்செங்கோட்டில். பெரிய கம்பெனியில் பெரிய விஷயங்களைப் பார்க்கிறவளுக்கு மறந்திருக்கலாம் என்று ஞாபகப்படுத்துகிறேன். தாலிக்கு முன்னால் இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பந்தலில் அவனோடு நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை என் கையில் இருக்கும், மறு முனை உன் கையில் இருக்கும். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி.

வடக்கே மழை ஆரம்பித்துவிட்டதால் போர் போடும் நம் ரிக் வண்டி ஷெட்டில் நிற்கிறது, எனக்கும் எழுத நேரம் இருக்கிறது. சேலம் போய் பெரிய ரோட்டைப் பிடித்தால் நேராக நாக்பூர்தான், நம் வண்டி எத்தனையோ முறை போன வழி. தபாலும் வழி தெரிந்து வந்து சேரும் என்று நம்புகிறேன்.

உன் அண்ணன்,
கதிர்வேல்


நாக்பூர்
21.06.2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. வரவேற்பில் இருப்பவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். இந்த ஹோட்டலில் யாருக்கும் கையால் எழுதிய கடிதம் வந்ததில்லையாம்.

முதலில் அண்ணிக்கு என் மன்னிப்பு. அன்றைக்கு என் முன்னால் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் நீங்கள், இன்னொன்றில் எங்கள் குழு. அங்கே ஒரு வரைபடம் மகா மட்டமாக இருந்தது. நான் வேண்டாம் என்று சொன்னது அந்த வரைபடத்தை. உங்கள் பக்கத்தை மியூட்டில் போட்டதாக நினைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தைப் போட்டிருக்கிறேன். அந்த மட்டமான வரைபடமும் யாரும் தடுக்காததால் அப்படியே போய்விட்டது.

அண்ணா, திட்டுங்கள், ஆனால் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் இந்த வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். மூன்று மாதம் சிமெண்ட், நான்கு மாதம் மருந்து, இப்போது நூற்பாலை என்று ஒரே சம்பளத்தில் எத்தனை பிழைப்பைப் பார்த்துவிட்டேன் தெரியுமா? என் வயதில் வேறு எங்கே போயிருந்தாலும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பேன். இங்கே நான் வாயைத் திறந்தால் தலை நரைத்த முதலாளிகள் பேனாவை எடுக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், தினமும் ஓடித்தான் அவர்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் நாம் எதற்கும் தவிக்கவில்லையே, அது இந்தக் கம்பெனி எடுத்துக் கொடுத்த காப்பீடுதான்.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. திங்கட்கிழமை விமானம், வெள்ளிக்கிழமை விமானம். நான் காபிக்கு எவ்வளவு சர்க்கரை போடுவேன் என்று இந்த ஹோட்டலுக்குத் தெரியும். பெங்களூரில் என் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் எனக்குத் தெரியாது. வாங்கி வைத்த துளசிச் செடி மூன்றாவது முறையாகக் கருகிவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். கோபப்படாமல் படியுங்கள். செப்டம்பர் நாலாம் தேதிதான் இந்த ஆலையின் இயக்குநர்களுக்கு எங்கள் இறுதி அறிக்கையைச் சொல்ல வேண்டும். தேதியை மாற்ற முடியாது. ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பெரியப்பா மகள் தமிழினியும் தங்கை முறைதானே? இணைச்சீருக்கு அவள் நிற்கலாம், சம்பிரதாயத்தில் இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவளிடமும் பேசிவிட்டேன். எங்கே நிற்பது, எப்போது சுற்றுவது, எந்தக் கையில் எதைப் பிடிப்பது என்று படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். நான் வீடியோவில் பார்ப்பேன், மறுநாள் விருந்துக்கு நேரில் வந்துவிடுவேன். எந்தக் குறையும் வராது.

அன்புடன்,
தனம்


மல்லசமுத்திரம்
02.07.2025

தனப்பிரியாவுக்கு,

எந்தக் குறையும் வராது என்று எழுதியிருக்கிறாய். டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் நானும் மாற்று டிரைவர் போடுவேன். என் கல்யாணத்துக்குத் தங்கச்சிக்கு மாற்று ஆள் போடலாம் என்று இந்தக் கொங்கு நாட்டிலேயே உனக்குத்தான் தோன்றியிருக்கிறது. அதற்குப் படம் வேறு!

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தமிழினி நேற்று எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தாள். அம்மாவின் பழைய சேலையில் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் இடுப்பில் இணைச்சீர்க் கூடை, கையில் உன் படம். "வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தவள் என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். அப்பா ஆபரேஷன் ஆன நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தொழிலைப் பற்றி உனக்குத் தெரியும். போர் போட்டால் அடிக்கு இத்தனை என்று காசு. தண்ணி வந்தாலும் காசு, தண்ணி வராமல் வெறும் புகை வந்தாலும் காசு. யார் நிலத்திலோ போய் இறங்குகிறோம், துளைக்கிறோம், ஊர் முழுக்கப் புழுதியைக் கிளப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறோம். உன் கம்பெனியும் அதைத்தானே செய்கிறது? நாங்கள் கைலி கட்டியிருக்கிறோம், நீங்கள் கோட்டுப் போட்டிருக்கிறீர்கள். தண்ணி வந்ததா என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கிறாயா? அந்தப் பிழைப்புக்காகவா என் பந்தலுக்கு ஆள் அனுப்புகிறாய்?

தமிழினியே நிற்கட்டும். ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள். நீ விருந்துக்கும் வர வேண்டாம்.

கதிர்வேல்


நாக்பூர்
14.07.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆலைக் கழிப்பறையில் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

தண்ணி வந்ததா என்று திரும்பிப் பார்க்கிறேனா என்று கேட்டீர்கள். பார்க்கத்தான் நிற்கிறேன்! இந்த ஆலையில் பழைய கூடம் ஒன்று இருக்கிறது. அதை மூடிவிடலாம் என்பதுதான் எங்கள் முதல் வரைவு. அங்கே நானூறு பேர் வேலை செய்கிறார்கள். மதியம் நான் அவர்களோடுதான் சாப்பிடுகிறேன், ஆளுக்கொரு ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மெல்லிய நூலுக்குத்தான் அந்த இயந்திரங்கள் லாயக்கில்லை. போர்வைக்கும் துண்டுக்குமான தடித்த நூலை ஓட்டினால் கூடம் தாக்குப்பிடிக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறு பக்க அறிக்கையில் அது ஒரே ஒரு பக்கம். நான் அந்த அறையில் இல்லாவிட்டால், நேரமில்லை என்று யாராவது அதைத் தூக்கிப் பின்னிணைப்பில் போட்டுவிடுவார்கள். பின்னிணைப்பை எந்த இயக்குநரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. உரிய காலத்தில் மேலே ஏறாவிட்டால் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த ஆண்டு என் முறை. இந்த அறிக்கையை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். விருந்துக்கு வர வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் எதற்கும் எதற்கும் இடையில் நிற்கிறேன் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

தனம்


மல்லசமுத்திரம்
25.07.2025

அம்மிணி,

நீ திரும்பிப் பார்க்கிறவள் என்று எனக்குத் தெரியாது. அந்த நானூறு பேர் விஷயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தார். விருந்துக்கு வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

பிரீத்தி அஸ்தம்பட்டியில் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை கல்யாணச் சேலை எடுக்க எல்லோரும் சேலம் போனபோது, உன் இரண்டு கடிதங்களையும்... சரி, மறைக்காமல் சொல்கிறேன், படிக்கக் கொடுத்துவிட்டேன். கடைசிவரை படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, தங்கச்சி லீவு கேட்டாங்களா?"

"குடுக்க மாட்டாங்கன்னு எளுதியிருக்குதே."

"அப்புடி எங்கயும் எளுதலைங்க. தேதிய மாத்த முடியாதுன்னுதான் இருக்குது. கேட்டாங்களா, கேக்கலையா?"

நானும் திரும்பப் படித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. ஒன்றரை மாதமாக நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், நடுவில் உன் மேலதிகாரி ஒருவர் இருக்கிறார், அவருக்கு எனக்குக் கல்யாணம் என்பதே தெரியுமா? ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் உனக்கென்று வாயைத் திறந்தாயா?

கேட்டுவிட்டு எழுது. இல்லை என்று சொன்னால் இல்லை, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நினைப்பேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

அண்ணன்


நாக்பூர்
08.08.2025

அண்ணனுக்கும், கடிதம் படிக்கும் அண்ணிக்கும்,

கேட்கவே இல்லை. அதுதான் உண்மை. நான் இல்லாவிட்டால் ஆலை சரிந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டு, கேட்பதையே விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கேட்டேன். சும்மா கேட்க வாய் வராததால் அதற்கும் ஒரு பக்கம் தயார் செய்தேன். வழி ஒன்று, வழி இரண்டு, வழி மூன்று, ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல். என் மேலதிகாரி பிரபாகர் சார் முதல் வரியைக்கூட முடிக்க விடவில்லை. "உங்க அண்ணனுக்குக் கல்யாணமா? இதை ஏம்மா ஜூன்லயே சொல்லலை?" என்றார். போனை எடுத்து ஒரு நிமிடம் பேசினார். "புனேலேர்ந்து குணசீலன் வர்றான். நீ கல்யாணத்துக்கு முதல் நாள் புதன்கிழமையே கிளம்பு" என்றார். அவ்வளவுதான்.

குணசீலன் வந்தான். நான் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதை இரண்டு நாளில் பிடித்துவிட்டான். என் கணக்கில் ஒரு தப்பையும் கண்டுபிடித்தான், பாவி. அன்று சாயங்காலம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவுதானா நான் என்று தோன்றியது. பிறகு யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்தது. பெரிய கம்பெனியில் கெட்டதும் நல்லதும் ஒன்றேதான். என் நாற்காலியில் உட்கார எப்போதும் ஒருவர் தயாராக இருக்கிறார். அதனால்தான் நான் எழுந்து வர முடிகிறது. மாற்று ஆளை இங்கே தேடியிருக்க வேண்டும், உங்கள் பந்தலில் போய்த் தேடிவிட்டேன்.

அந்த ஒரு பக்கத்தைக் குணசீலனிடமும் கொடுக்கவில்லை. பழைய கூடத்துக்குப் பொறுப்பாளர் தேஷ்முக் என்று ஒருவர் இருக்கிறார். "உங்கள் கூடம், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒத்திகையில் இங்கிலீஷ் ஓடாமல் முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். இங்கிலீஷை விடுங்கள், வருகிற பாஷையில் பேசுங்கள் என்று சொன்னதும் மனிதர் நிறுத்தாமல் பேசுகிறார். பிரபாகர் சார் அதை முதல் பத்துப் பக்கத்துக்குள் வைத்துவிட்டார்.

ஆகவே நான் வாரேன்! ஒரே ஒரு சிக்கல். தமிழினியிடம் யார் சொல்வது? ரவிக்கை வேறு தைத்துவிட்டாள். எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் சொல்லுங்கள்.

தனம்


மல்லசமுத்திரம்
17.08.2025

அம்மிணி,

தமிழினியிடம் சொன்னேன். அரைமணி நேரம் சுற்றி வளைத்து, காலில் விழாத குறையாகச் சொன்னேன். "அப்பாடா! அந்தக் கூடையப் பாத்தாலே எனக்குக் குளுரு காச்சல் வருதுங்ணா" என்று எழுந்து ஓடிவிட்டாள். நீ அனுப்பிய படத்தை உனக்கே திருப்பி அனுப்பச் சொன்னாள், உனக்கு உதவுமாம்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். பந்தலுக்குள் உன் போன் அம்மாவின் பையில் இருக்கும். பேசித் தீர்க்க முடியாத நிபந்தனை இது, சரியென்று மட்டும் சொல்.

இன்றைக்கு ஆவணி ஒன்று. வேறு எழுத வரவில்லை, சந்தோஷமாக இருக்கிறேன். சீக்கிரம் வா.

அண்ணன்


நாக்பூர்
20.09.2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகியும் கையில் மருதாணி போகவில்லை. ஆலையில் எல்லோரும் அதைப் பார்த்து உனக்கா கல்யாணம் என்கிறார்கள். என் அண்ணனுக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கூறைச்சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, சடங்கை நடத்திவைத்த அருமைக்காரர் மறுமுனையை உங்கள் கையில் கொடுத்தபோது, நீங்கள் சின்னதாக ஒரு இழுப்பு இழுத்தீர்களே, ரோட்டில் போகும்போது சின்ன வயசில் என் சடை ரிப்பனை இழுப்பீர்கள், அதே இழுப்பு. அதில்தான் எனக்கு அழுகை வந்தது. "புகைங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். அங்கே புகையே இல்லை.

அந்த நேரம் பார்த்தா என் போன் அடிக்க வேண்டும்? அம்மா எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் மைக் இருப்பதை அம்மாவும் நினைக்கவில்லை. "என்ற புள்ள அண்ணங்கூடச் சீர்ல நிக்குது சாமி, அப்பறமாக் கூப்புடு. நீ சாப்புட்டியா? இல்லையா? மொதல்ல போய்ச் சாப்புடு, மத்ததெல்லாம் அப்பறம்" என்று அம்மா சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் குணசீலன். ஏதோ ஒரு எண்ணில் சந்தேகமாம். அம்மா சொன்னபடி போய் நாலு இட்லி சாப்பிட்டானாம், சந்தேகம் தானாகத் தீர்ந்துவிட்டதாம். நாக்பூர் வந்ததிலிருந்து யாரும் தனக்குச் சொன்ன உருப்படியான யோசனை அதுதான் என்கிறான்.

அண்ணி மட்டும் என்ன! கூறையைக் கொண்டுபோய் அவர்கள் கையில் பயபக்தியோடு கொடுக்கிறேன், என் காதோரம் வந்து, "நெக்ஸ்ட் யாருங்க?" என்கிறார்கள். நான் சிரித்ததை வீடியோக்காரர் முழுசாகப் பிடித்திருக்கிறார். ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டப் போகிறீர்கள், தெரியும்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். தேஷ்முக் பேசினார். நானாக இருந்தால் எட்டு நிமிடம் பேசியிருப்பேன், அவர் அரைமணி நேரம் பேசினாராம், யாரும் தடுக்கவில்லை. பழைய கூடத்துக்கு ஒரு வருடம் அவகாசம் கிடைத்திருக்கிறது. தடித்த நூல் ஓடுகிறதா என்று கூட இருந்து பார்க்க டிசம்பர் வரை என்னை இங்கேயே போட்டிருக்கிறார்கள். தண்ணி வருகிறதா என்று இனி தினமும் பார்ப்பேன்.

என் பெயர் இந்த முறை மேலே போகவில்லை. அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டார்கள், அதிலும் இல்லையென்றால் வெளியே. பந்தலுக்கு வந்ததாலா, கணக்கில் இருந்த தப்பாலா, யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு கிழிந்த பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்து புது நூல் ஓடுவதைப் பார்த்தபோது, இந்த வேலையை விட மனம் இல்லை என்று தெரிந்தது. ஓடுகிற வரை ஓடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு திரை கிடையாது. நீங்கள் கூப்பிட்டால் நீங்கள் மட்டும்தான். விரதத்தை முடித்துக்கொண்டு இனிமேல் போன் பண்ணலாமே?

தனம்


மல்லசமுத்திரம்
05.10.2025

அம்மிணி,

போன் பண்ண மாட்டேன். கடிதத்தில் நீ நன்றாகப் பேசுகிறாய், எதற்குக் கெடுக்க வேண்டும்?

வடக்கே மழை விட்டுவிட்டது. ஷெட்டிலிருந்து ரிக்கை இறக்கிக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. ஐப்பசி பிறந்ததும் மத்தியப் பிரதேசம் கிளம்புகிறோம். போகிற வழியில் நாக்பூர். உன் அண்ணி ஒரு வாரம் லீவு கேட்டாள், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், "பாத்தீங்களா, வாயத் தொறந்து கேக்கோணும்" என்று உனக்குச் சொல்லச் சொன்னாள். அவளும் முன் சீட்டில் வருகிறாள். நாக்பூரிலிருந்து ரயிலில் திரும்பிவிடுவாள். அம்மா உனக்கு ஒரு தூக்குப் போசி நிறைய இனிப்பு ஒப்புட்டும், குணசீலனுக்குத் தனியாக ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறாள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வரவேற்பில் இருக்கிற உன் சினேகிதரிடம் சொல்லிவை, வாசலில் காரையெல்லாம் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல். உன் ஹோட்டல் முன்னால் வந்து நின்று ரிக்கின் ஹாரனை அடிப்பேன். எத்தனை திரையை வேண்டுமானாலும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு. அந்தச் சத்தத்தை மியூட்டில் போடுகிற பொத்தான் உன் கம்பெனியிலும் இல்லை.

கீழே இறங்கி வா.

அண்ணன்